பீலிப் படியில் கேட்ட அடையாளம்

என் கணவர் எனக்காகத் தண்ணீர் தூக்கியது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு எட்டு வருடம், வருடத்துக்கு ஒரு முறையாவது மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள். எனக்கே சில சமயம் கண் கலங்கியிருக்கிறது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நான் வளர்ந்தது நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்து என்னை உயர்தரப் பரீட்சை வரை படிக்க வைத்தார். படித்துவிட்டுத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தேன். மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. காலையில் குழந்தையைக் கொண்டுவந்து விடுவது எப்போதும் பெண்தான். இடுப்பில் பிள்ளை, தோளில் பால் போத்தல் பை, முதுகில் கொழுந்துக் கூடை. புருஷன் பின்னால் கையை வீசிக்கொண்டு வருவான். நாள்தோறும் இதைப் பார்த்துப் பார்த்து, எனக்கு வருகிறவன் இப்படி இருக்கவே கூடாது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன். வைராக்கியம் என்று சொல்வது மரியாதைக்காக. அது திமிர். லயத்தில் உயர்தரம் முடித்த ஒரே பெண் என்ற திமிர்.

அந்தத் திமிரில் இரண்டு பேரை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தேன். ஒருவன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டான், அது உடைந்து கோப்பைக்குள் விழுந்ததும் விரலை விட்டு எடுத்தான். இன்னொருவனுடைய சட்டைப் பையில் சீப்பு இருந்தது. வேறு குற்றம் எதுவும் அவர்களிடம் நான் தேடவில்லை. இதுவே போதும் என்று அம்மாவிடம் சொன்னபோது, உனக்கு வானத்திலிருந்துதான் ஒருத்தன் இறங்கி வரணும் என்றார் அம்மா. ஆமாம், இறங்கி வரட்டும் என்றேன்.

எங்கள் லயத்தில் மற்றவர்கள் எல்லாம் மாரியம்மன் கோயில்காரர்கள். நாங்களும் இன்னும் இரண்டு குடும்பமும்தான் சபைக்குப் போகிறவர்கள். அம்மா ஞானஸ்நானம் எடுத்த அன்று என் சாதகக் குறிப்பைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார். அது நல்ல காரியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் சாதகத்தை எரித்தவர்களுக்கு, யாரோ ஒருவர் மேலேயிருந்து பார்த்துப் பொருத்தம் சொல்ல வேண்டும் என்ற ஆசை எரியவில்லை. அந்த ஆசைக்கு எங்கள் சபையில் வேறு பெயர் வைத்தோம். அடையாளம் கேட்பது என்றோம்.

ஹற்றன் நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை கூடும். கலியாண வயதில் இருக்கிற பெண் ஒவ்வொருத்தியும் ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேட்டு வைத்திருப்பாள். ஒருத்தி, வருகிறவர் நீலச் சட்டை போட்டிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். முதலில் நீலச் சட்டையில் வந்தவர் பஸ் கொண்டக்டர். நான் கேட்டது இந்த நீலம் இல்லை என்று சொல்லிவிட்டாள். இன்னொருத்தி, அவர் வரும்போது மழை பெய்ய வேண்டும் என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத நாளைக் கேட்டிருந்தால் ஆண்டவருக்கும் கொஞ்சம் வேலை இருந்திருக்கும்.

இவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். என் அடையாளத்தை வேதத்திலிருந்தே எடுத்தேன். எசமானின் மகனுக்குப் பெண் தேடிப்போன ஒரு வேலைக்காரன், கிணற்றடியில் நின்று ஜெபிக்கிறான். எனக்கும் என் ஒட்டகங்களுக்கும் தானாகவே தண்ணீர் வார்க்கிற பெண் எவளோ அவளே அந்தப் பெண் என்று. பாஸ்டரம்மா இளம் பெண்கள் கூட்டத்தில் இதை விளக்கியபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நான் அதைத் திருப்பிப் போட்டேன். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வருவது கீழேயுள்ள பீலியிலிருந்து. மலை ஊற்றைக் குழாய் வைத்து விழவிட்ட இடம். அங்கிருந்து வாசலுக்கு ஐம்பத்தொரு கற்படி. ஆண்டவரே, என்னைப் பார்க்க வருகிறவர், நான் இரண்டு வாளியோடு படி ஏறி வருவதைக் கண்டு, யாரும் சொல்லாமல் எழுந்து வந்து வாளியை வாங்கினால், அவரே நீர் எனக்கு வைத்தவர் என்று கேட்டு வைத்தேன்.

எவ்வளவு நியாயமான ஜெபம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நிறம் கேட்கவில்லை, உத்தியோகம் கேட்கவில்லை, இரக்கம் மட்டும்தானே கேட்டேன் என்று. எனக்கு அந்த இரக்கம் எவ்வளவு இருந்தது என்பதை யாரும் அளக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு முதலில் வந்தவர் நோட்டன் பிரிட்ஜ்காரர். மின்சார நிலையத்தில் வேலை. அக்காவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டதும் நான் பின்பக்கமாக இறங்கிப் பீலிக்குப் போனேன். பெண் தட்டில் தேநீர் கொண்டுவருவதுதான் வழக்கம். நான் புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு முன்வாசல் படியில் ஏறினேன். அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவர் எழுந்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்தவர், வழியில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, வழுக்கும் பார்த்து வாங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார். அவ்வளவுதான். வாளியைத் தொடவில்லை. நான் அவரைக் கடந்து உள்ளே போய் வாளியை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் போனது.

அவர்கள் போன பிறகு அம்மா விஷயத்தைச் சொன்னார். நான் பீலியில் இருந்த நேரத்தில் அந்த ஆள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவருடைய அம்மாவுக்குக் காது கேட்காது, கடைசி வரை அவரோடுதான் இருப்பார். காலையில் தேநீர் குடிக்கும் வரை தனக்கு மனிதரோடு பேச வராது, கேட்டால் எரிந்து விழுவேன் என்றுகூடச் சொன்னாராம். பிறகு இன்னொன்றும் சொன்னார். அதை அம்மா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"ஹேர்னியா ஒப்பரேசன் பண்ணி ஒரு மாசந்தாங்க ஆகுது. மூணு மாசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பொறகு தெரிஞ்சா மறைச்சுட்டேன்னு நெனைப்பீங்க. அதான் முன்னாடியே சொல்றேன்."

உண்மையைச் சொன்ன மனுஷன், இவனையும் விட்டுவிடாதே என்று அம்மா கெஞ்சினார். அதற்கு நான் சொன்ன பதிலை இன்றைக்கும் நான் யாரிடமும் சொல்வதில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். "அவருதான்னா, அந்த ஒப்பரேசனை ஆண்டவர் மூணு மாசம் தள்ளி வச்சிருப்பாரு." அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

சபையில் பேச்சு கிளம்பிவிட்டது. மூன்றாவது மாப்பிள்ளையையும் திருப்பி அனுப்பிவிட்டாள், தலைக்கனம் பிடித்தவள் என்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று, இருபது பெண்களுக்கு முன்னால் என் அடையாளத்தை விவரமாகச் சொன்னேன். வாளி, பீலி, படி, யாரும் சொல்லாமல் எழுந்து வருவது, எல்லாவற்றையும். இது தலைக்கனம் இல்லை, விசுவாசம் என்றேன். பாஸ்டரம்மா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஜெயித்த மாதிரி பஸ் ஏறினேன்.

பரீட்சைத் தாளை இருபது பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. இரண்டு உயர்தரப் பாடத்தில் திறமைச் சித்தி எடுத்துத் தேறியவள் நான்.

ஆறு வாரம் கழித்து, கினிகத்தேனையிலிருந்து ஒருவர் வந்தார். தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருந்தார். அவருடைய அம்மா எங்கள் சபைக்கு மாதம் ஒரு முறை வருகிறவர். அன்றைக்கும் நான் பீலிக்குப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இருபது படிகூட ஏறியிருக்க மாட்டேன், மேலேயிருந்து ஒருவர் வேகமாக இறங்கி வந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் கையிலிருந்து இரண்டு வாளியையும் வாங்கிக்கொண்டு திரும்பி ஏறினார்.

நான் பின்னால் ஏறினேன். என் கண் அந்த வாளிகளை விட்டு நகரவில்லை. மேல் படியில் அவர் கால் ஒரு தடவை இடறியது, பிறகு நிமிர்ந்துகொண்டார். வாசலில் கொண்டுபோய் வைத்தபோது இரண்டு வாளியும் விளிம்பு வரை அப்படியே இருந்தன. "சிந்தல," என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அம்மா ஸ்தோத்திரம் சொல்லி அழுதார். அவருடைய அம்மாவும் அழுதார். கால்சட்டை முட்டியில் சேறு அப்பியிருந்தது, துவைத்தால் போகும் என்று நினைத்தேன். சட்டைக் கை முழங்கை வரை மடிக்கப்பட்டிருந்ததையும், பெண் பார்க்க வந்த மனிதர் சப்பாத்து இல்லாமல் ரப்பர் செருப்போடு வந்திருந்ததையும் பார்த்தேன். எளிமையானவர் என்று எடுத்துக்கொண்டேன்.

அடையாளம் நிறைவேறிய செய்தி அன்று சாயங்காலமே சபை முழுவதும் போய்விட்டது. பாஸ்டரம்மா அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பேசினார். மூன்று மாதத்தில் கலியாணம். பாஸ்டர் ஐயா பிரசங்கத்தில் தண்ணீர்க் கதையைச் சொன்னார். அன்பு எப்படிப்பட்டது என்கிற அதிகாரத்தை வாசித்தார்கள். பொறுமை, தயவு, தன்னுடையதைத் தேடாமை என்று ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, நான் ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்றவருக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வரியாவது எனக்கும் எழுதப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாலை கனத்தது, அதை மட்டும் நினைத்தேன்.

கினிகத்தேனையில் அவர்கள் வீடு ரோட்டுக்கு மேலே, மேட்டில். வீட்டுக்குள் குழாய் உண்டு, ஆனால் வெயில் காலத்தில் தண்ணீர் ஏறாது. ரோட்டோரக் குழாயிலிருந்து தூக்க வேண்டும். கலியாணமாகி ஐந்தாம் நாள் குழாய் காய்ந்துபோனது. நான் வாளியைச் சத்தமாக நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் ஒரு கைபேசியைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்திருந்தார். தலையை நிமிர்த்தி, தண்ணி இல்லை போல என்றார். மறுபடி குனிந்துகொண்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நியாயமாகச் சொல்வதென்றால் அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். சம்பாதித்ததை வீட்டில் கொடுப்பார். நான் காய்ச்சலில் கிடந்தால் கடையை மூடிவிட்டு மருந்து வாங்கி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். பேச மட்டும் மாட்டார். எதையும் கவனிக்க மாட்டார். எங்கள் புள்ளக்காம்பராவுக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் பெண்களைக் கேட்டால், இப்படி ஒருத்தர் கிடைத்ததற்கு விளக்கேற்றிக் கும்பிடு என்பார்கள். எனக்கு அது போதவில்லை. நான் கட்டியது படி இறங்கி ஓடி வந்தவரை. அவர் எங்கே போனார் என்று எட்டு வருடமும் இவரைப் போட்டு வாட்டினேன்.

வாட்டினேன் என்பது சும்மா சொல் இல்லை. அவர் சாப்பிடும்போது உதட்டில் வரும் சத்தத்தை அவருடைய அம்மாவான மாமிக்கு முன்னாலேயே செய்து காட்டுவேன். மெலிந்த தோள், முன்னால் சரிந்த நடை, வலது முட்டியில் ஒரு கறுத்த தழும்பு, எதையும் விட்டுவைத்ததில்லை. தண்ணீர் தூக்கி வந்து வைக்கும் ஒவ்வொரு முறையும், ஆண்டவர் காட்டின ஆளை வழியில யாரோ மாத்திட்டாங்க என்று அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்க மாட்டார். பிறகு மகள் பிறந்தாள். அவளும் நான்கு வயதிலேயே அப்பாவின் நடையை நடந்து காட்டப் பழகினாள். நான் சிரித்தேன், அவளைத் தடுக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் வருடம் ஒரு முறை தம்பதிகள் கூடுகையில் சாட்சி சொல்லப் போவேன். அந்தச் சாட்சிக்குப் பெயரே உண்டாகிவிட்டது, தண்ணீர்ச் சாட்சி என்பார்கள். ஐம்பத்தொரு படி, தூறல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று வரிசையாகச் சொல்வேன். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளம் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அவர் என் பக்கத்தில் தலை குனிந்து நிற்பார். தாழ்மை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நோட்டன் பிரிட்ஜ்காரரை ஒரு நாள் ஹற்றன் பஸ் நிலையத்தில் பார்த்தேன். அவரை நான் மறந்திருக்கவில்லை. மனம் வெறுத்த நாட்களில் எல்லாம், அந்த உண்மையான மனுஷனையே கட்டியிருக்கலாம் என்று ஏங்கியிருக்கிறேன். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்துபோனார். பின்னால் அவர் மனைவி, இடுப்பில் பிள்ளை, இரண்டு கையிலும் பை, வேகமாக நடக்க முடியாமல் ஓடி ஓடி வந்தாள். ஒப்பரேசன் நடந்து ஆறு வருடமாகியிருக்கும், இன்னும் பாரம் தூக்கக் கூடாது போல. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் அந்த நாளோடு எனக்கு ஏங்குவதற்கும் ஆள் இல்லாமல் போனது.

போன வருடம் கூடுகைக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாமி தன் பழைய கைபேசியை அலுமாரியிலிருந்து எடுத்தார். திரை உடைந்து பல வருடம் கிடந்தது. செத்துப்போன மாமாவின் படங்கள் அதில் இருக்கின்றன, எடுத்துத் தர முடியுமா என்று மகனிடம் கேட்டார். அவர் திரையை மாற்றி உயிர் கொடுத்து, படங்களை எடுக்கும் வேலையை என்னிடம் தந்தார். பகல் சாப்பாடு முடிந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தேன். படங்களுக்குப் பக்கத்தில் பழைய குரல் பதிவுகளும் கிடந்தன. மாமாவின் குரலும் இருக்கும், அதையும் எடுத்துக் கொடுத்தால் மாமி மகிழ்வார் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். அந்த வீட்டில் நான் செய்யப்போன ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் பாஸ்டரம்மாவின் குரல் வந்தது. பெண்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியது. நோர்வூட் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி வாளித் தண்ணீரை வைத்து அடையாளம் கேட்டிருக்கிறாள், அது நிறைவேற எல்லோரும் ஜெபியுங்கள் என்று, நான் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு பதிவு தள்ளி மாமியின் குரல். என்னைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள், நோர்வூட்டில் தன் தங்கச்சி வீட்டுக்கு முன்கூட்டியே போயிருந்த மாமி, மகனுக்கு அனுப்பியது.

"தம்பி, நாளைக்கு சப்பாத்து போடாத. செருப்பு போட்டுக்கிட்டு வா, படி வழுக்குமாம். சட்டைக் கையை முன்னாடியே மடிச்சு விட்டுக்க. அந்தப் புள்ள தண்ணியோட வரும். ஒரு வாளி இல்ல, ரெண்டையும் வாங்கிரு. சிந்தாம கொண்டாந்து வை."

நான்கு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வருடம் நான் சண்டை போட்டது ஒரு குரல் பதிவோடு. அழுதேன், அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். தனியாக வைத்து அவரைக் கேட்டிருக்கலாம். வேதமும் அப்படித்தான் சொல்கிறது, ஒருவன் உனக்குத் தப்பு செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல் என்று. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தே அந்தப் பதிவை என் கைபேசிக்கு மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

கூடுகையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் வழக்கம்போல எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். மாமி முன்வரிசையில் என் மகளை மடியில் வைத்திருந்தார். இந்த வருடம் என் சாட்சியை வேறு ஒருவர் சொல்வார் என்று சொல்லிவிட்டு, கைபேசியை மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன். மாமியின் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது. சப்பாத்து போடாத. ரெண்டையும் வாங்கிரு. பின்னால் யாரோ சிரித்தார்கள். மாமி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பாட்டி ஏன் அழுகிறார் என்று மகள் அந்தத் துணியை இழுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் அவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த நீதி இதுதான் என்று நெஞ்சு குளிர்ந்தது.

பாஸ்டர் ஐயா மெதுவாக வந்து மைக்கை வாங்கினார். கழுதையின் வாயால் பேசின ஆண்டவர் ஒரு தாயின் கைபேசியாலும் பேசுவார் என்றார். யார் சொல்லித் தூக்கினால் என்ன, அடையாளம் நிறைவேறியதா இல்லையா என்று சபையைக் கேட்டார். நிறைவேறியது என்று சபை சொன்னது. கை தட்டினார்கள். என் சாட்சிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு சின்னப் பெண் வந்து என் கையைப் பிடித்து, நானும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறேன் அக்கா, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள். யாரிடமும் சொல்லாதே என்றாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வரை பஸ்ஸில் வந்தோம். இறங்கியதும் மாமி மகளைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் மேட்டில் ஏறிப் போய்விட்டார். நான் சண்டைக்குத் தயாராக நடந்தேன். மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது, கேட்காவிட்டால் என்ன சொல்வது என்று இரண்டுக்கும் வார்த்தை வைத்திருந்தேன். ரோட்டோரக் குழாயடிக்கு வந்தபோது அவர் நின்றார்.

"நீ சொல்ற கதையில ஒன்னு விட்டுப்போகுது," என்றார்.

என்னவென்று கேட்டேன்.

"மேல் படியில வழுக்கிருச்சு. வாளியை விட்டா சிந்திரும்னு முட்டியைக் கல்லுல ஊண்டினேன். கிழிஞ்சு ரத்தம் கால்சட்டைக்குள்ள ஓடுது. நீ எனக்கு நேர் பின்னாடி வந்த. என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. வாளியைப் பாத்துட்டு, சிந்தலன்னு சொன்ன."

எட்டு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"திரும்பிப் போற பஸ்ஸிலயே அம்மாக்கிட்ட சொல்லிட்டேன், இந்தப் பொண்ணு எனக்கு வேணாம்னு. அம்மா சம்மதிச்சாங்க. வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பாஸ்டரம்மா அம்மாவுக்குப் போன் எடுத்துட்டாங்க. அடையாளம் நிறைவேறிருச்சு, இனி யாரும் வாய் தொறக்கக் கூடாது, வேணாம்னு சொன்னா ஆண்டவரை வேணாம்னு சொன்ன மாதிரின்னு சொன்னாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவர் குழாயைத் திறந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மிதித்த சேறு காலில் ஒட்டியிருந்தது. கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டிவிட்டுக் குனிந்து காலைக் கழுவினார். வலது முட்டியில் அந்தக் கறுத்த தழும்பு தெரிந்தது. அவர் சாரத்தை மடித்துக் கட்டி உட்காரும் போதெல்லாம் எட்டு வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன், அசிங்கம் என்று சொல்லியிருக்கிறேன். எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.